வெள்ளிலை மரத்துப் பலகை

வாசலில் செருப்பைக் கழற்றிய பரீத் முதலில் பார்த்தது கொல்லைப் பக்கத்தை. பன்னிரண்டு வருடம் கழித்து கொச்சி மட்டாஞ்சேரிக்குத் திரும்பிய மனுஷன், கட்டின பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"மரம் எங்க, ரம்லத்து?"

ரம்லத்துக்கு வயிறு குளிர்ந்தது. இதைக் கேட்கட்டும் என்றுதானே காத்திருந்தாள்.

எழுபத்து நாலில் சுமத்ராவிலிருந்து கப்பலில் வந்தபோது பால் டப்பாவில் ஒரு கன்று கொண்டுவந்தான். மேப்பிள் சாதியாம். மற்ற மேப்பிளெல்லாம் குளிர்நாட்டில் நிற்க, இது மட்டும் அங்கே மலைக்காட்டு மேகத்துக்குள் வளருமாம். இலையைத் திருப்பினால் அடிப்புறம் சுண்ணாம்பு அடித்தமாதிரி வெள்ளை. "இது உன் உயரம் வர்றதுக்குள்ள வந்துடுவேன்" என்று போனவன், அங்கேயே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான் என்று மறு வருடமே செய்தி வந்தது.

அன்றைக்கே பிடுங்கி எறிந்திருக்கலாம். ஆனால் கன்று செத்தால் அவன் தப்பித்துவிடுவான் என்று தோன்றியது. உப்புக்காற்றில் இலை கருகும்போதெல்லாம் ஓலை கட்டி மறைத்தாள். சுக்குக் கிடங்கில் வேலை முடிந்து இருமிக்கொண்டே வந்து, வேரில் அரிசி கழுவின தண்ணீர் ஊற்றினாள். பிள்ளையில்லாத குறைக்கு மரம் வளர்க்கிறாள் என்றாள் பக்கத்து வீட்டு சகீலா. அவளுக்கு என்ன தெரியும்! ரம்லத் வளர்த்தது வஞ்சம். நெஞ்சுநோவோடு பரீத் திரும்புகிறான், அங்கே கைவிட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் ஆசாரி பிச்சுமணியைக் கூப்பிட்டு மரத்தைச் சாய்த்தாள்.

இப்போது கட்டிலுக்கடியிலிருந்து பலகைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டாள்.

"இந்தா, உங்க மரம். உங்கள அடக்கும்போது கபுறுக் குழியில உடம்புக்கு மேல மூடுறதுக்கு அறுத்து வச்சிருக்கேன். சாயா குடிச்சிட்டு நல்லாப் பாத்துக்கோங்க."

அவன் முகம் வெளிறும், காலில்கூட விழுவான் என்று எத்தனையோ முறை மனசுக்குள் பார்த்து ரசித்திருந்தாள். பரீத் குனிந்து பலகைகளைப் பக்கம் பக்கமாகப் பரப்பினான். அருகிலேயே மல்லாந்து படுத்து, தலையிலிருந்து கால்வரை கண்ணால் அளந்தான்.

"மதி ரம்லத்து, இது போதும். எனக்குன்னு அங்க யாரும் ஒரு பலகை எடுத்து வைக்கல."

நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு வருட வஞ்சத்தை வெகுமதிபோல வாங்கிக்கொள்கிறானே, பாவி!

மறுநாள் பிச்சுமணி உளியோடு வந்தான். மதியத்துக்குள் அத்தனை பலகையும் கோழிக்கூடு ஆகிவிட்டது.

"அப்ப எனக்கு?" என்றான் பரீத்.

"உங்களுக்கு ஒன்னுமில்ல. அவ்வளவு சுலபமா சாவ விட்டுடுவேனா? இருந்து கோழியப் பாத்துக்கோங்க."

சாயங்காலம் கூட்டின் முன்னால் குந்தியிருந்து "பா, பா" என்று கூப்பிட்டான். புது மரத்தின் வாசனைக்கு மிரண்ட கோழிகள் கொல்லையெல்லாம் ஓடின. ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே விட்டான். கடைசிக் கோழி மட்டும் அவன் மடியில் ஏறி, இறகைக் கோதிக்கொண்டு உட்கார்ந்தது. அதை விரட்டச் சொல்ல ரம்லத் அகப்பையும் கையுமாக அடுக்களை வாசலுக்கு வந்தாள். வந்தவள் அங்கேயே நின்றாள்.