அறுபத்தெட்டுக்கு மேல்

டெல்மிரா மணிக்கட்டை உடைத்துக்கொண்டது என் பந்துக்காக. இதை நான் பலமுறை சொல்லியாகிவிட்டது, யாரும் காதில் வாங்குவதில்லை. பந்து என் பக்கம் வந்தது. நான் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றேன். அவள் பின்னாலிருந்து ஓடிவந்து, என்னை இடித்துத் தள்ளி, ஈரத் தரையில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

எங்கள் ஊர் வில்யாகுவாயின் ஓய்வூதியர் சங்கத்தில் வாரத்தில் மூன்று நாள் நியூகாம் ஆடுகிறோம். வாலிபால் மாதிரிதான், ஆனால் பந்தை அடிப்பதில்லை, பிடித்து எறிவோம். எங்கள் முழங்கால்களை மனதில் வைத்து யாரோ கண்டுபிடித்த ஆட்டம். பயிற்சியில் எல்லோரும் கலந்தே ஆடுவோம். போட்டிக்கு அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஓர் அணி, அறுபத்தெட்டைத் தாண்டியவர்களுக்கு ஓர் அணி. எனக்கு எழுபத்து மூன்று, இரண்டாவது அணி. அஞ்சலகத்தில் முப்பத்தோரு வருடம் நின்றுகொண்டே கடிதம் பிரித்த கால்கள், இன்னும் நிற்கின்றன. டெல்மிரா முதல் அணி. தனக்கு அறுபத்தைந்து என்று சொல்வாள். அந்த ஓட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

அவளுடைய சிநேகிதர் அன்செல்மோவும் அதே அணிதான். அரிசி ஆலையில் லாரி ஓட்டியவர், அறுபத்தாறு வயது. மூன்று வருடமாக இருவரும் சேர்ந்து சுற்றுகிறார்கள், வீடு மட்டும் தனித்தனி. மாத்தே என்கிற கசப்புத் தேநீர்க் கோப்பை வட்டத்தில் கைமாறிக் கைமாறி அவரிடம் வரும்போதெல்லாம், "என் ஆளு என்னைவிட ஒரு வயசு சின்னவ, தெரியுமில்ல?" என்று ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் உறிஞ்சுவார். கேட்டுக் கேட்டு எங்களுக்கு அலுத்துப்போனது.

ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்தக் கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டே தினமும் சதுக்கத்தைப் பத்துச் சுற்று நடந்தாள். கட்டைப் பிரித்தபோது விரல்கள் மடங்கவில்லை. பயிற்சிக்கென்று கொடுத்த ரப்பர் பந்தை இரண்டு நாள் அழுத்திப் பார்த்துவிட்டு மூலையில் போட்டாள். அதற்குப் பதில் மாவு பிசைந்தாள். பிசைந்ததையெல்லாம் ரொட்டியாகப் பொரித்துத் தெருவுக்கே கொடுத்தாள். எனக்கு இரண்டு கிலோ ஏறியது.

ஆனால் பந்து மாவு இல்லையே. முதல் அணியில் எறிகிறவர்கள் வேகமாக எறிகிறார்கள், இவள் கையிலிருந்து நழுவியது. நவம்பரில் நெகோச்சேயாவில் போட்டி. பதினைந்து மணி நேரம் பஸ், நான்கு இரவு, கடல். பயிற்சி தரும் யமிலா டீச்சர் பெயர்களைப் படித்தாள். அன்செல்மோ இருந்தார், டெல்மிரா இல்லை.

அதன் பிறகு அவள் சதுக்கத்துக்கு வரவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்குப் போனாலும் வீட்டுச் செருப்போடும் இரவு உடையோடும் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. இந்த வயதில் அப்படி உட்கார்ந்தவர்கள் திரும்ப எழுந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்த வாரம்தான் எங்கள் அணியின் போர்ஃபிரியாவுக்குக் கண் அறுவை சிகிச்சை என்று நாள் குறித்தார்கள். எங்கள் போட்டியில் மூன்று பெண்கள் களத்தில் நின்றே ஆக வேண்டும். இரண்டு பேரை வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் பயனில்லை.

"ஊர்ல அறுபத்தெட்டு தாண்டின பொம்பளையே கிடையாதா?" என்றார் எங்கள் அணித் தலைவர் இசிதோரோ. "எல்லாரும் அறுபத்தேழுலயே நின்னுட்டாங்களா?"

டீச்சர் கூரையைப் பார்த்தாள். அடையாள அட்டை நகல்கள் எல்லாம் அவளிடம்தான் இருக்கின்றன. எல்லோரும் அப்படியே கொடுப்போம், டெல்மிரா மட்டும் உறையில் போட்டு ஒட்டிக் கொடுப்பாள். ஒட்டிய உறைகளோடு வாழ்ந்தவள் நான். உள்ளே இருப்பது தெரிந்தவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நேராக அவள் வீட்டுக்குப் போனேன்.

"உண்மையைச் சொல்லு. உனக்கு என்ன வயசு?"

"அறுபத்தஞ்சு."

"எங்கிட்டயுமா, டெல்மிரா?"

மேசைத் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "எழுபத்தொண்ணு," என்றாள்.

"அப்புறம் என்ன? வந்து எங்களோட ஆடு. நாங்க மெதுவாத்தான் எறிவோம்."

"அன்செல்மோவுக்குத் தெரிஞ்சா விட்டுட்டுப் போயிடுவான்."

"போனா போகட்டும். ஆம்பளைக்கா பஞ்சம்?"

"உனக்கென்ன, எர்சிலியா, ஈசியா சொல்லிட்ட. ஞாயித்துக்கிழமை உன் வீட்டு மேசையில எத்தனை தட்டு வைக்கிற?"

ஒன்று. அது அவளுக்கும் தெரியும். எனக்குச் சுருக்கென்றது. எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் மாலை அவள் விளையாட்டு ஷூ போட்டுக்கொண்டு சங்கத்துக்கு வந்தாள். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தோம், கோப்பை அன்செல்மோவின் கையில் இருந்தது. அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"படிச்சுக்கோங்க. சத்தமாவே படிங்க."

இசிதோரோ கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, வருடத்தைப் படித்து, விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "எழுபத்தொண்ணு. அடிப்பாவி, இத்தனை நாளா எங்க எல்லாருக்கும் காது குத்தியிருக்கியே."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான், அவள் முகத்தைப் பார்க்கும்வரை. அன்செல்மோ கோப்பையைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சி முடித்தார். திருப்பிக் கொடுக்கும்போது, "நன்றி," என்றார். மாத்தே கொடுத்தவருக்கு நன்றி சொன்னால் இனி எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். நாலு சுற்று குடிக்கிற மனிதர் முதல் சுற்றிலேயே சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பஸ்ஸில் அவர் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து பதினைந்து மணி நேரம் டீசலைப் பற்றிப் பேசினார். டெல்மிரா பின்னால் என்னோடு. மூலையில் போட்ட ரப்பர் பந்தைத் தேடி எடுத்து வந்திருந்தாள், வழியெல்லாம் அழுத்திக்கொண்டே வந்தாள். ஒருமுறைகூட முன்னால் பார்க்கவில்லை. அந்தப் பிடிவாதம் எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

நெகோச்சேயாவில் ஒரே கூடத்தில் இரண்டு களங்கள். எங்கள் முதல் ஆட்டத்தில் முதல் இரண்டு பந்துகளையும் கோட்டைவிட்டாள். இசிதோரோ வாயைத் திறக்கப் போனார், நான் முறைத்தேன். மூன்றாவதை இரண்டு முழங்கைகளாலும் நெஞ்சோடு சேர்த்து அணைத்துப் பிடித்தாள். பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் விதிப்படி சரி. அதன் பிறகு எல்லாவற்றையும் அப்படியே பிடித்தாள். முதல் செட் போனது, இரண்டாவது வந்தது, மூன்றாவதில் இரண்டு புள்ளியில் தோற்றோம்.

முடிந்து திரும்பினால் சுவரோரம் அன்செல்மோ நின்றுகொண்டிருந்தார், சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. எப்போது வந்தாரோ. நான் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போயிருக்கலாம், போகவில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார்.

"சொல்லியிருந்தா எங்கூட வந்திருப்பியா?"

அவர் யோசித்தார். நியாயமாகவே யோசித்தார். "தெரியல," என்றார். "அப்ப நான் ஒரு முட்டாள்."

"இப்ப?"

"இப்பவும்தான். பஸ்ல முன்னாடி போய் உக்காந்து இடுப்பே போச்சு." அவளுடைய வலது கையைப் பிடித்துத் திருப்பி மணிக்கட்டைப் பார்த்தார். நன்றாக வீங்கியிருந்தது. "இனிமே நீ இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். எனக்கு அறுபத்தெட்டு ஆக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

"ஆமா, இருக்கு."

"அதுவரைக்கும் நீ ஆடிக்கிட்டு இருக்கணும். நான் வந்து சேர்ற வரைக்கும்."

எங்கள் அணியில் யாரும் யாருக்கும் இரண்டு வருடத்துக்கு வாக்குக் கொடுப்பதில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை பார்க்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்வோம். டெல்மிரா அவரை நிமிர்ந்து பார்த்து, "சரி," என்றாள்.