முதல் மறுப்பு

எகிப்தின் மன்சூராவில் ஆண் நர்ஸாக இருந்த சப்ரிக்கு வளைகுடாவில் வேலை கிடைத்தால்தான் மகள் கல்யாணம். அடுப்பும் குளிர்பெட்டியும் பெண்வீட்டார் கொண்டுபோக வேண்டுமே, அது முடியாமல் தேதி தள்ளிக்கொண்டே போனது.

நேர்காணல் இங்கிலீஷில். ஆகவே ஐம்பது வயதில், சமீபத்தில் கல்லூரி முடித்த மாடிவீட்டுப் பெண் நக்வானிடம் பாடத்துக்கு உட்கார்ந்தார். அரபு பேசும் நமக்குத்தான் எந்தச் சொல்லுக்கும் முன்னால் ஒரு ‘அல்’ ஒட்டிப் பழக்கமாயிற்றே! வீடு, கட்டில், பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றுக்கும் மனுஷர் இங்கிலீஷிலும் ஒரு ‘தி’ சூட்டினார்.

“மாமா, ‘இன் ஹாஸ்பிட்டல்’னா படுத்துக் கெடக்கிற நோயாளி. வேலை பாக்கிறவருக்கு நடுவுல ‘தி’ வேணும். ஜெயிலும் அப்படித்தான். ‘தி’யை விட்டா நீங்க கைதி.”

“இத்துனூண்டு சொல்லு என்னை உள்ள தள்ளிடுமா, மிஸ்? நம்ம போலீஸுக்குக்கூட ஒரு சாட்சி வேணும்.”

நேர்காணலில் ஒரு ‘தி’கூட இடம் மாறவில்லை. ஆங்கிலேய அம்மாள் மகிழ்ந்து, “இந்த வேலை உங்களுக்குத்தான். ஏற்றுக்கொள்கிறீர்களா?” என்றாள்.

சப்ரி நெஞ்சில் கைவைத்து, “வேண்டாம் மேடம், உங்களுக்கு எதற்குச் சிரமம்” என்றார். அம்மாள் ஒரு கணம் பார்த்தாள். கைகுலுக்கினாள். அடுத்தவரை அழைத்தாள்.

முகமெல்லாம் சிரிப்பாக மாடியேறி வந்தார் சப்ரி.

“ஆரம்பிச்சுட்டாங்க, மிஸ். மொத தடவை கேட்டாங்க, மரியாதையா வேணாம்னுட்டேன். இன்னும் ரெண்டு தடவை கேப்பாங்க.”

நக்வான் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தாள். “மாமா, அவங்க ஒரே தடவைதான் கேப்பாங்க.”

“ஒரே தடவையா? அப்போ அவங்க வீட்டுக்கு விருந்துக்கு வந்தவங்க பட்டினியாவா போவாங்க?”

“ஓடுங்க மாமா.”

ஓடினார். அம்மாள் காரில் ஏறிக்கொண்டிருந்தாள். மூச்சிரைக்க, “சம்மதம், மேடம்” என்றார். அடுத்து வந்தவருக்குக் கொடுத்தாகிவிட்டது என்றாள் அவள். அந்த ஆள் ஆஸ்பத்திரிக்கு ‘தி’ போடவே இல்லையாம். கேட்டதும் சரி என்றாராம். சப்ரியின் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. “இன்னோர் இடம் காலியானால் கட்டாயம் கூப்பிடுகிறோம்” என்று தோளைத் தொட்டுச் சொல்லிப் போனாள்.

சப்ரி திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

“கட்டாயம் கூப்பிடுவாங்களாம், மிஸ். ஒரே தடவைதான் சொன்னாங்க. அவங்க ஊர்ல அது போதும்ல?”

நக்வான் இங்கிலீஷ் புத்தகத்தை மூடிவைத்தாள். பிறகு, “போதும், மாமா” என்றாள்.

குளிர்பெட்டிக்கு முன்பணம் கட்ட அன்றே கடைத்தெருவுக்குப் புறப்பட்டார் சப்ரி.