அண்ணனைக் கூப்பிடவில்லை

அப்பாவின் காதுகளில் மாட்டியிருந்த ஆக்சிஜன் குழாயை அவள் கழற்றிக்கொண்டிருந்தபோதே அண்ணன் படியேறி வந்துவிட்டான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“எப்போ?”

“காலையில.”

“காலையிலேயே போயிட்டார், எனக்கு மத்தியானம்தான் போனா?”

 குழாய் அழுத்தி அழுத்திக் காதுக்குப் பின்னால் விழுந்திருந்த பள்ளத்தை ஈரத்துணியால் துடைத்தாள்.

அப்பா மார்க்கெட்டில் ஏலம் விட்டவர். மைக் பிடிக்க மாட்டார். அதெல்லாம் தொண்டை இல்லாதவனுக்கு என்பார். நிமோனியா முற்றி, தீவிர சிகிச்சைப் பிரிவில் வாய்க்குள் குழாயோடு கிடந்தவரை அண்ணன்தான் நாயாய் அலைந்து மீட்டுக்கொண்டு வந்தான். பார்த்தவர்களெல்லாம் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். வீட்டுக்கு வந்தது பாதி மூச்சுதான்.

“புண் ஆறின இடத்துல தோல் தடிச்சுப்போகும் இல்லையா? நுரையீரல் பூரா அப்படி ஆயிருக்கு. தடிச்ச இடம் விரியாது” என்றார் டாக்டர்.

அதன்பிறகு அப்பா நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினார். சொல்ல முடியாததற்கெல்லாம் தம்ளரை எறிந்தார். எறிந்தது கூட இருந்தவள் மேல்தான் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை பழத்தோடு வரும் மகனைப் பார்த்தால் மட்டும் சிரிப்பார்.

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தா திரும்பக் குழாய் போட்டிருப்பாங்க. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பார். உனக்கு அலுத்துப்போச்சு, அதான் கொன்னுட்டே” என்றான் அண்ணன்.

“அலுத்துத்தான் போச்சு. இல்லைன்னு சொல்லலை. ஆனா போனை எடுத்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை. இன்னொரு தடவை குழாய் வேண்டாம்னு முன்னாடியே சொல்லியிருந்தார்.”

“எங்கிட்ட சொல்லலையே?”

“சொன்னா விட்டிருப்பியா நீ?”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“என்னையாவது கூப்பிட்டிருக்கலாம். பக்கத்துல உட்கார்ந்திருப்பேன்ல.”

“ஆம்புலன்ஸோட வந்திருப்பே.”

அவன் இல்லை என்று சொல்லவில்லை.

கீழே அமரர் ஊர்தியை நிறுத்திவிட்டு வண்டிக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்தார். “ஸ்ட்ரெச்சர் படித் திருப்பத்துல திரும்பாதும்மா. போர்வையில வச்சுத்தான் இறக்கணும். நடுவுல நான் தாங்கிக்கிறேன்.”

“தலைப்பக்கம் நான் பிடிக்கிறேன்” என்று அண்ணன் முன்னால் வந்தான்.

“உனக்கு அவரைத் தூக்கிப் பழக்கமில்லை. கால் பக்கம் போ.”

முறைத்தான். போனான்.

இறங்கும்போது கனமெல்லாம் கீழே நின்றவன் மேல் சரிந்தது. திருப்பத்தில் அவன் நின்றுவிட்டான். வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். கன்னமெல்லாம் ஈரம், வேர்வையாகவும் இருக்கலாம். வண்டிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் தலையசைத்துத் தடுத்தாள். போர்வை முனையைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டு, அவன் மூச்சு சீராகும்வரை சுவரில் சாய்ந்து நின்றாள்.