ஐந்து மணி நேரப் பெயர்

ஐஸ் துண்டை உடைத்து அண்ணனின் உதட்டில் வைக்கும்போதும் லியோனாவின் காது வாசலில்தான் இருந்தது. சரளைப் பாதையில் வெஸ்லியின் டிரக் சத்தம் கேட்க வேண்டும். அவர் சொன்ன கெடுவுக்கு இன்று நான்காவது நாள். நர்ஸ் இரண்டு நாள் தாங்கினால் அதிகம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். டெல்பர்ட் அதையும் தாண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

எழுபத்தாறு வயதாகியும் அவருக்குப் பெயர் இல்லை. டெல்பர்ட் என்பதெல்லாம் சர்ச் பதிவேட்டுக்கும் மர ஆலைக்கும்தான். எங்கள் பாஷையில் வைக்கிற பெயர் வேறு. முன்னால் போய்ச் சேர்ந்தவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் நம்மைக் கூப்பிடுவார்கள். வெள்ளைக்காரர்கள் நடத்திய விடுதிப் பள்ளியில் எங்கள் பாஷையில் பேசியதற்காக அவருடைய அம்மாவின் வாயில் சோப்பைத் திணித்திருக்கிறார்கள், பாவிகள். தன் பிள்ளைக்கும் அந்தக் கதி வேண்டாமென்று அவள் மூத்தவனுக்குப் பெயர் வைத்துத் தரச்சொல்லி யாரிடமும் கேட்கவே இல்லை. பதினோரு வருஷம் கழித்து லியோனா பிறந்தபோது அந்தப் பயம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அவளுக்குப் பெயர் வைத்த விருந்துக்கு டெல்பர்ட்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போனார். எல்லாரும் அவள் பெயரைச் சொல்லிச் சாப்பிட உட்கார்ந்ததும் அவர் வெளியே போய் நின்றுகொண்டார். அம்மா சொல்லித்தான் லியோனாவுக்கு இது தெரியும். அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

பின்னாளில் அவள் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாள். தொட்டில் பிள்ளைக்குச் செய்கிறதை நரைத்த தலைக்குச் செய்தால் ஊர் சிரிக்கும் என்று தட்டிக்கழிப்பார். நாலு நாளைக்கு முன்னால், சூப்பை வேண்டாமென்று தள்ளிவிட்டு, கூரையைப் பார்த்தபடி அவராகவே கேட்டார்.

"புள்ள, அங்க அம்மா என்னை என்னன்னு கூப்பிடும்?"

 லியோனா, பெயர் கேட்கப் போனால் கொடுக்க வேண்டிய புகையிலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெஸ்லியின் வீட்டுக்கு ஓடினாள். வெஸ்லி, செத்துப்போன அவள் கணவனின் தம்பி. ஊர் ஜனங்களுக்குப் பெயர் வைத்துக் கொடுக்கிறவர். புகையிலையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஆனால் பெயர் கனவில் வர வேண்டும், கடையில் எடுத்துக் கொடுக்கிற சாமானா அது, நாலு நாள் ஆகும் என்றார். அண்ணனுக்கு அத்தனை நாள் இல்லையே என்று அவள் அழுதாள்.

"இருக்கச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். என்ன மனுஷனோ!

நாலாம் நாள் காலை ஒன்பது மணிக்கு டிரக் வந்தது. லியோனாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. வெஸ்லி தொப்பியைக் கழற்றிவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார். அந்த நேரத்திலும் மைத்துனன் கேலி விடவில்லை.

"என்ன மச்சான், ஆலைக்கு ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்ல. இப்ப மட்டும் என்ன அவசரம்?"

"உனக்காகத்தான்டா கெடக்குறேன், சோம்பேறி" என்றார் டெல்பர்ட். குரல் காற்றாகத்தான் வந்தது.

தேவதாரு இலையைப் புகைய விட்டு, நாலு திசைக்கும் திரும்பி நாலு தடவை அந்தப் பெயரைச் சொன்னார் வெஸ்லி. லியோனா கூடவே சொன்னாள். டெல்பர்ட்டுக்கு நாக்கு புரளவில்லை. எழுபது வருஷம் எட்டி நின்ற பாஷை உடனே வந்துவிடுமா? மூன்றாவது முயற்சியில் முழுசாகச் சொல்லிவிட்டார்.

"இவ்ளோ நீளமா? பாதி போதுமேடா."

வெஸ்லி குனிந்து அதன் அர்த்தத்தைக் காதில் சொன்னார். டெல்பர்ட் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று, லியோனா துண்டால் ஒற்றி எடுத்தாள். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை, அது அவருடையது.

பகல் இரண்டு மணிக்கு அவர் போய்விட்டார். ஐந்து மணி நேரம் அந்தப் பெயரோடு இருந்தார்.

அடக்கத்தன்று வெஸ்லி அவரை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, போக வேண்டிய வழியை எங்கள் பாஷையில் சொல்லி அனுப்பினார். பிறகு விருந்து. அடுப்பில் பெரிய பானை நிறையக் காட்டரிசி வெந்திருந்தது. நாங்கள் எங்களை 'மக்கள்' என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். பக்கத்துப் பழங்குடி ஜனங்கள் வைத்த பெயர்தான் மெனோமினி, காட்டரிசிக்காரர்கள். உலகத்துக்கு அதுதான் தெரியும். அந்த அரிசிக்காரர்களில் அரிசியே பிடிக்காத ஒரே ஆள் டெல்பர்ட். வீட்டில் பையனாக இருந்தபோது தன் பங்கை ஓரமாக ஒதுக்கி, அம்மா பார்க்காத நேரத்தில் தங்கை தட்டில் தள்ளிவிடுவார்.

செத்தவருக்கான தட்டை லியோனாதான் போட வேண்டும். மான்கறி வைத்தாள், வறுத்த உருளைக்கிழங்கை அள்ளி வைத்தாள், ரொட்டி வைத்தாள். அரிசிப் பானைக்கு முன்னால் கை நின்றுவிட்டது.

"அவருக்குத்தான் அது ஆகாதே" என்றாள் பக்கத்தில் நின்ற சித்தி மகள் ஆர்டித்.

"ஆகாதுதான். அம்மா போட்டுத்தான் வைக்கும்" என்றாள் லியோனா.

தட்டை வெளியே தேவதாரு மரத்தடிக்குக் கொண்டுபோய் வைத்தாள். அந்த நீளப் பெயரைத் தடுமாறாமல் ஒரு தடவை சொன்னாள். அரிசி ஒரே ஒரு கரண்டிதான் இருந்தது, உருளைக்கிழங்கில் ஒட்டாமல், ஒதுக்கித் தள்ள வசதியாகத் தட்டின் ஓரத்தில்.