கழுத்து அளவு

நாயின் பின்தொடையில் ஏழு தையல். நக்கிப் பிரித்துவிட்டால் மறுபடி மயக்க ஊசி போட வேண்டும், வயதான உடம்பு தாங்காது என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பை அவர் காட்டியபோது, "காலர்தானே, நானே தைச்சுக்கறேன்" என்று தையல்காரர் வாங்காமல் வந்துவிட்டார்.

சட்டைக் காலருக்குள் வைக்கும் விறைப்புத் துணியில், கழுத்துக்கு இரண்டு விரல் இடம் விட்டு, பொத்தான் வைத்துத் தைத்தார். கச்சிதமாக இருந்தது. போட்டோ எடுத்துக்கொள்ள வந்தவர் போல நாய் சற்று நேரம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு திரும்பித் தையலை நக்கப் போனது.

மனைவி ஓடிவந்து அதன் வாயைப் பிடித்துக்கொண்டாள். "கழுத்து அளவு எடுத்தீங்க. மூக்கு எவ்வளவு நீளம்னு பாத்தீங்களா?"

"முப்பது வருஷத்துல எவனும் மூக்குக்கு அளவு குடுத்ததில்லடி."

அவர் உள்ளே போய்த் தன் பழைய முழுக்கை பனியனை எடுத்துவந்தார். நாயின் பின்கால்களைப் பனியனின் கைகளிலும் வாலை அதன் கழுத்து வழியாகவும் நுழைத்து, இடுப்பில் நாடா வைத்துக் கட்டினார். நாய் துணியை இரண்டு முறை நக்கிப் பார்த்தது. ருசிக்கவில்லை போலும், படுத்துக்கொண்டது. தையல் தப்பித்தது.

"ஒரே சாயங்காலத்துல அதுக்கு ரெண்டு உருப்படி. என் ஜாக்கெட் துணி போன மழைக்காலத்துலேருந்து கெடக்கு" என்றாள் மனைவி.

அவர் டேப்பை எடுத்தார். "வா. மூக்குலேருந்தே ஆரம்பிக்கறேன்."