பின்சீட்டில் இல்லாதவன்

1

இந்தக் கதை ஒரு பெட்ரோல் பங்க் கழிவறையில் பிறந்தது. இதைவிடக் கௌரவமான பிறப்பிடம் ஒன்றைச் சொல்லலாமா என்று நான்கு நாள் யோசித்தேன். அசதிதான் மிச்சம். உள்ளதையே சொல்லிவிடுகிறேன்.

மொழி தெரியாத ஒரு நாட்டில் மூன்று நண்பர்கள் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு சுற்றுகிறார்கள். மூவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. ஓட்டுகிறவர் பல் டாக்டர். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்கிறவர் கணக்கு வாத்தியார். பின்சீட்டில் இருப்பவன் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஹாஸ்டல் காலத்தில் எங்கே சாய்ந்தாலும் தூங்கிவிடுவான் என்பதால் அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். (இவனுக்கு மட்டும் மரியாதையைக் குறைத்திருக்கிறேன். காரணம் பிறகு வரும்.)

2

முதல் தொடக்கம்: "மலைகளுக்கு நடுவே சூரியன் தங்கத்தை உருக்கி..." அடித்துவிட்டேன். மலையே கிடையாது. ஏழு நாளாக இருபுறமும் மக்காச்சோளம்தான்.

இரண்டாம் தொடக்கம்: "நட்பு என்பது..." இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெம்பில்லை.

மூன்றாவது. பகல் இரண்டு மணி. பெட்ரோல் போட்டுவிட்டு டாக்டரும் வாத்தியாரும் காப்பி வாங்கப் போனார்கள். அந்த நேரம் பார்த்துத் தூங்குமூஞ்சி எழுந்து கழிவறைக்குப் போனான். கம்பளியைச் சீட்டில் குவித்து, அதன்மேல் கோட்டைப் போட்டு, போனைச் சார்ஜரிலேயே விட்டுவிட்டுப் போனான்.

அவர்கள் திரும்பி வந்தபோது கம்பளி ஆள் மாதிரியே கிடந்தது. தூங்குகிறவனை எழுப்பக்கூடாது என்பது மூவருக்குள்ளும் முப்பது வருடச் சட்டம். ஹாஸ்டலில் பரீட்சை அன்றுகூட எழுப்பாமல் போனார்கள். அந்தத் தாளை அவன் ஆறு மாதம் கழித்து எழுதினான். போதாததற்கு, போன வருடம் மனைவி இறந்ததிலிருந்து அவனுக்குத் தூக்கமே இல்லை. அவனைத் தேற்றத்தான் இந்தப் பயணமே. ஆகவே கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

3

வெளியே வந்தவன், கல்லாவில் இருந்த பெண்ணிடம் இரண்டு விரலைக் காட்டி, ஸ்டியரிங் திருப்பிக் காட்டி, வெறுங்கையை விரித்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது. தன் போனை நீட்டினாள். யாருடைய நம்பரும் அவனுக்கு மனப்பாடமில்லை. காற்றடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, சிரிக்காமல் உட்காரச் சொன்னாள். சிரித்திருந்தால் தேவலை.

(காத்திருப்பதை விவரிக்கப் போவதில்லை. நீங்களும் எங்காவது காத்திருந்திருப்பீர்கள்.)

இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் கழித்துக் கார் வந்தது.

"மன்னிச்சிருடா! சத்தியமா நீ பின்னாடி தூங்குறேன்னுதான் நெனச்சோம்" என்றார் டாக்டர்.

"எவ்வளவு தூரம் போனீங்க?"

"போக நூத்தியெட்டு, வர நூத்தியெட்டு" என்றார் வாத்தியார். அந்த நிலையிலும் கணக்கு தப்பவில்லை.

"போறப்ப ஒரு மணி நேரம் என்னதான் பேசினீங்க?"

டாக்டர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் காற்றடிக்கும் குழாயைப் பார்த்தார்.

"ஒண்ணும் பேசலடா."

4

அந்த ஒரு மணி நேரம்தான் கதை. அதில் நான் இல்லை. (ஆமாம், அவன் நான்தான். என்னை நானே 'அவர்' என்று எழுதிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.)

முதல் வரைவு:

"பாட்டைக் கொறைடா. இன்னைக்குத்தான் கொஞ்சம் கண்ணசந்திருக்கான்."

"பாவம், தூங்கட்டும்."

நன்றாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.

இரண்டாம் வரைவு:

"ஏழு நாளாச்சு, வாயத் திறக்க மாட்டேங்குறான். சாப்பிட்டியான்னா தலைய ஆட்டுறான்."

"எனக்கும் முடியலடா. இவனக் கூட்டிட்டு வந்திருக்க வேணாமோ?"

இது மடமடவென்று வந்தது. ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. இருபது வருடம் பிழை திருத்தியவன் சொல்கிறேன், பிழையே இல்லாத பக்கத்தைப் பார்த்தால் மறுபடி முதல் வரியிலிருந்து படிப்பேன்.

மூன்றாம் வரைவில் இருவரும் எதுவுமே பேசாமல், மக்காச்சோளத்தைப் பார்த்தபடி...

இல்லை. இது இரண்டாவதைவிட மோசம்.

5

போன வாரம் டாக்டருக்குப் போன் செய்தேன். கதை எழுதுகிறேன், அன்றைக்கு என்ன பேசினீர்கள் என்று தெரிந்தாக வேண்டும் என்றேன்.

"இன்னுமாடா அதையே பிடிச்சிட்டிருக்க?"

"சரி, நான் இல்லைன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? அதையாவது சொல்லு."

"வாத்தியார் உன்னைக் கூப்பிட்டான். பதில் வரல. அப்புறம்தான் திரும்பிப் பார்த்தோம்."

"எதுக்குக் கூப்பிட்டான்?"

அந்தப் பக்கம் குழாயைத் திறந்து கை கழுவுகிற சத்தம் கேட்டது.

"ஞாபகம் இல்லடா. நல்லதா ஏதாவது போட்டுக்கோயேன்."

வாத்தியாரைக் கேட்கலாம். நம்பரை எடுத்து எடுத்து வைக்கிறேன். கேட்டுவிட்டால் பதில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும். அதைத் தாங்க எனக்குத் தெம்பு இருக்கிறதா என்று தெரியவில்லை.

6

நல்லதாகப் போட எனக்குக் கை வரவில்லை. கெட்டதாகப் போட மனசு வரவில்லை. அவர்களை முப்பது வருடமாகத் தெரிந்த எனக்கு எழுத முடியாததை, இன்றைக்குத்தான் பார்த்த நீங்கள் எழுதிவிடலாம். காரில் ஏறிக்கொள்ளுங்கள், இடம் இருக்கிறது. என்னைத் திட்டுவதாக எழுதினாலும் வருத்தமில்லை. நான் அந்த ஏழு நாளும் கூட இருக்க லாயக்கில்லாதவனாகத்தான் இருந்தேன்.

வாத்தியார் என்னைக் கூப்பிடுகிற இடம் வரும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். எதற்குக் கூப்பிட்டார், எந்தக் குரலில் கூப்பிட்டார் என்று எழுதுங்கள். நான் அங்கே இருந்திருந்தால், எதற்காகக் கூப்பிட்டிருந்தாலும் எழுந்திருப்பேன்.