போணி ஆகாத காலை

ஓர் இரவுத் தூக்கத்தின் விலை என் கடையில் நாற்பது பாட். ஒரு புட்டி கஞ்சா எண்ணெய் ஆயிரத்து இருநூறு, சொட்டுக் கணக்கில் ஒரு மாதம் வரும். நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம். தாய்லாந்தின் சியாங் மாய் நகரத்துப் பெரிய சந்தையின் பின்சந்தில், அப்பா உலர்ந்த லோங்கன் பழம் விற்ற அதே பலகையில்தான் விற்கிறேன். பழத்தைத் தேன் என்று விற்ற குடும்பம் எங்களுடையது. சட்டம் கஞ்சாவுக்குக் கதவைத் திறந்துவிட்டபோது எண்ணெயை அமுதம் என்று விற்க எனக்குத் தனியாகப் பயிற்சி தேவைப்படவில்லை.

கஞ்சா எண்ணெய் பற்றிய பயிற்சி வகுப்பில் சேர்ந்தது சான்றிதழுக்காக. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினால் வெள்ளைக்காரன் பேரம் பேசமாட்டான் என்று ஒரு நினைப்பு. செவ்வாய்தோறும் வேலை முடிந்த பிறகு வகுப்பு. ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக இருக்கும் பிச்சயா நடத்தினார். எனக்கு இருபது வயது இளையவர். எதிரே இரண்டு செவிலியர், ஒரு விடுதி மேலாளர், ஒரு மசாஜ் கடைக்காரி, நான்.

முதல் நாளே கேட்டேன். "டீச்சர், கேன்சரையே குணமாக்கும்ங்கறாங்களே?"

"மனுசங்ககிட்ட அப்படி நிரூபிச்ச ஆராய்ச்சி இல்ல அண்ணாச்சி."

"மூட்டு வலி?"

"சிலருக்குக் கொஞ்சம் கேக்கலாம். அடிச்சுச் சொல்ற அளவுக்குச் சான்று இல்ல."

"தூக்கமாவது?"

"அதுவும் இன்னும் சரியாத் தெரியாது."

அசந்துபோனேன். சரக்கை இவ்வளவு குறைத்துப் பேசியும் ஒரு கூட்டத்தை எழுந்து போகாமல் உட்கார வைக்கிற ஆளை எங்கள் சந்தையில் நான் பார்த்ததில்லை. நகைக்கடைக்காரர் தராசில் கடைசிக் குன்றிமணியை வைப்பதுபோல, அந்தத் 'தெரியாது' என்ற சொல்லை அவர் அத்தனை நிதானமாக வைத்தார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதன் பிறகு அவர் 'தெரியும்' என்று சொன்ன எதையும் நான் பேரம் பேசவில்லை.

மூன்றாவது வாரம் அவர் வாடிக்கையாளராக நடித்தார், நான் விற்க வேண்டும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, ராத்திரியெல்லாம் பொட்டுத் தூக்கமில்லை என்றார். விடுவேனா? இரண்டு புட்டி தலையில் கட்டினேன். வகுப்பே கைதட்டியது. அவர் குடிப்பதுபோல் பாவனை செய்து மேசைமேல் சாய்ந்தார்.

"செத்துட்டேன் அண்ணாச்சி. ரத்தம் நிக்கல. வேற என்ன மாத்திரை சாப்பிடுறேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"செத்தவங்ககிட்ட சரக்கைத் திருப்பி வாங்கறதில்ல டீச்சர்."

எல்லோரையும்விட அவர்தான் அதிகம் சிரித்தார். பிறகு பலகையில் ஒரு கல்லீரல் வரைந்து, அதற்குள் ஒரு கவுண்டரும் ஒரு குமாஸ்தாவும் வரைந்தார். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரையை உடலைவிட்டுக் கழித்து அனுப்புவது அந்தக் குமாஸ்தாவின் வேலை. நம் எண்ணெய் போய் அவரைப் பேச்சில் பிடித்துக்கொண்டால் மாத்திரை வரிசையிலேயே நிற்கும். ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே போகும். அப்புறம் சின்ன அடி பட்டாலும் ஆள் மிஞ்சுவது கஷ்டம். சுங்கச்சாவடியில் பழ லாரியோடு காய்ந்தவன் நான்; அந்த வரிசை எனக்குச் சட்டென்று புரிந்தது.

மறுநாள் காலை முதல் ஆளாக விச்சியான் வந்தார். ஊருக்குள் ஆள் ஏற்றும் சிவப்பு வண்டி ஓட்டுகிறவர், பல வருடப் பழக்கம். முட்டிவலியில் மூன்று ராத்திரி கண் மூடவில்லை என்று சொல்லிப் பணத்தைப் பலகையில் வைத்தார். என் மனைவி நுவான் கையை நீட்டிவிட்டாள். நாளின் முதல் நோட்டால் எல்லாப் புட்டிகளையும் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் கல்லாவில் போடுவாள். போணியைத் திருப்பி அனுப்பினால் அன்றைக்கு ஈ ஓட்ட வேண்டியதுதான் என்பது அவள் நம்பிக்கை. என்னுடையதும்தான்.

"அண்ணே, வேற மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களா?"

"இதென்ன ஏர்போர்ட்டா, சோதனை போடுற?" சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்துக் காட்டினார். "நெஞ்சுல வால்வு மாத்துனதுலேர்ந்து இந்த நீல மாத்திரைதான்."

உறைமேல் எழுதியிருந்ததைப் படித்தேன். வார்ஃபரின். பணத்தை அவர் பக்கம் தள்ளினேன்.

நுவானின் முழங்கை என் விலாவில் இறங்கியது. "போணிங்க! படிக்கப் போய் இருந்த புத்தியும் போச்சா?"

குமாஸ்தா கதையைச் சொல்லிப் பார்த்தேன். மூன்று நாள் தூங்காத மனிதர் யாருடைய கதையைக் கேட்பார்?

"என் காசு செல்லாதா? எதிர்க்கடைக்காரன் இவ்ளோ கேள்வி கேக்க மாட்டான்," என்று சந்தில் இறங்கிவிட்டார். எதிர்க்கடை ஷட்டர் ஏறிக்கொண்டிருந்தது. கல்லாவிலிருந்து நூறு பாட் எடுத்துக்கொண்டு ஓடி, சந்தோரம் நின்ற அவர் வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

"அண்ணே, ஆஸ்பத்திரிக்கு விடுங்க."

"எறங்குடா."

"உங்களுக்கும் இன்னும் போணி ஆகலதானே? மொத சவாரியை எறக்கி விடுவீங்களா?"

பாதிச் சந்தில் நின்றார். எதிர்க்கடையைப் பார்த்தார், என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். என் பரம்பரையையே திட்டிக்கொண்டு வந்து ஏறினார். நோட்டைப் பிடுங்கி ஸ்டியரிங்கில் மூன்று தட்டு தட்டி, சாவியைத் திருப்பினார்.

"அங்க யாரு?"

"ஒரு டீச்சர். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுவாங்க."

"அதைக் கேக்கவா நூறு பாட் குடுத்து வர்ற?"

"தெரிஞ்சதையும் சொல்லுவாங்க. உங்க டாக்டர்கிட்ட பேசி, முட்டிக்கு எது ஆகும்னு கேட்டுச் சொல்லுவாங்க."

அவர் வண்டியைக் கிளப்பினார். வண்டிக் கண்ணாடியில் நுவான் தெரிந்தாள். வெறும் கையால் ஒவ்வொரு புட்டியாகத் தட்டிக்கொண்டிருந்தாள். நகரைச் சுற்றிய அகழியோரச் சிக்னலில் வண்டி நின்றபோது மனசுக்குள் அன்றைய கணக்கைப் போட்டேன். வரவு, ஒன்றுமில்லை. செலவு, நூறு பாட். விச்சியானுக்குத் தர வேண்டியது, ஓர் இரவுத் தூக்கம், பாக்கி.